சுற்றுலாக் கணக்கு

ஆளுக்கு முந்நூறு, மூன்று மாதம் சேர்த்தது.
செல்லூர் பூந்தளிர் மகளிர் குழு,
இருபத்து மூன்று பேர்.
நோட்டும் பேனாவும் என் கையில்.

வைகைக் கரையில் குடியிருக்கும் நாங்கள்
வைகையில் படகேற
போடி ரயிலைப் பிடித்தோம்.
சிரிக்காதீர்கள்.
எங்கள் பக்கத்து ஆற்றில்
ஆகாயத்தாமரை மேல் கொக்குதான் நடக்கும்.

ஜங்ஷனில் எண்ணினேன்: இருபத்திரண்டு.
மறுபடியும்: இருபத்து நான்கு.
முதலில் என்னை விட்டிருந்தேன்.
பிறகு மும்தாஜின் இடுப்பில்
டிக்கெட் வாங்காத வயதில் ஒருவனைச் சேர்த்திருந்தேன்.

நாகமலை ஜன்னலோடு ஓடிவந்து
ஓரிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.
உசிலம்பட்டி வருமுன்பே
ஜெயகொடியின் புளியோதரை காலி.
ஜன்னலோரத்துக்காகத் தவமணியும் சந்தனமேரியும்
போன வருஷத் தவணைச் சண்டையை
முதலிலிருந்து போட்டார்கள்.
ஒரு முறுக்கை இரண்டாக உடைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

கணவாயில் இரண்டு பக்கமும் மலை ஒதுங்கி
ரயிலுக்கு வழிவிட்டது.
யாரும் பேசவில்லை, ஒரு நிமிஷம் இருக்கும்.
அதை எழுத நோட்டில் பத்தி இல்லை.

ஆண்டிபட்டியில் ஷேர் ஆட்டோ, மூன்று.
பேரம் பேசி நூறு குறைத்தேன்.
அதில் ஐம்பது வெள்ளரிக்காய்க்குப் போனது.

ஆறு இன்னும் அணைக்குள் கரையாத இடத்தில்
பரிசலைக் கவிழ்த்து வைத்திருந்தார் போதுராசு.
தலைக்கு ஐம்பது.
"நடைக்கு அஞ்சு பேரு. கனத்த ஆளு இருந்தா நாலு."
யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒச்சம்மா ஏறவில்லை.
"செருப்ப நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

நாற்பத்து நான்கு செருப்பு.
திருட வந்தால் ஒரு நாய் வரவேண்டும், இல்லை ஒரு மயில்.
ஆனாலும் நாங்கள் வற்புறுத்தவில்லை.
கண்மாய் உடைந்த ராத்திரி
கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் அவள்,
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த
தையல் மெஷினின் தலை.
விடியும்வரை கழுத்தளவு.
அதற்குப் பிறகு
பக்கெட் தண்ணீரைக்கூட
முழங்கால், கணுக்கால் என்றுதான் சொல்லுவாள்.

பரிசல் சுற்றியது.
சந்தனமேரியின் கையைப் பிடித்த தவமணி
கரை சேர்ந்தும் விடவில்லை.
"தண்ணிக்கு வாடையே இல்லடி"
என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தாள் மும்தாஜ்.
ஒரு நாரை எங்கள் கூச்சலைப் பொறுக்காமல்
எழுந்து வேறு தேனி மாவட்டம் தேடிப் போனது.

ஐந்தாவது நடையும் முடிந்தது.
துடுப்பை உதறிக்கொண்டிருந்தவரிடம்
ஒச்சம்மா கேட்டாள்:
"இந்தத் தண்ணி எங்க ஊருக்கு வருமா?"
"தொறந்துவிட்டா வரும்."
"எம்புட்டு நாளாகும்?"
போதுராசு யோசித்தார்.
"வழியில குடிக்கிறவங்களப் பொறுத்தது."

அவள் சிரித்தாள்.
எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.
தன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து
"பாத்துக்க" என்றாள்.

ஒற்றை ஆளோடு போகும் பரிசல்
சுற்றாதாம், அவள் சொல்லிவிட்டிருந்தாள்.
கரையிலிருந்து எண்ணினேன்: ஒன்று.
நெடுநேரம் அந்த ஒன்று சின்னதாகிக்கொண்டே போனது.
வெள்ளரிக்காய் தின்பதைக்கூட நிறுத்திவிட்டோம்.

திரும்பி இறங்கியவள்
ஈரக் கையை எங்களுக்குக் காட்டினாள்.
"மணிக்கட்டு வரைக்கும்."

தனி நடைக்கு இருநூறு கேட்டார்.
நூற்றைம்பதுக்கு முடித்தேன்.

ராத்திரி ஜங்ஷனில் இறங்கி
பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல்
ஏ.வி. பாலத்தில் நடந்தோம்.
கீழே மணல், பிளாஸ்டிக், படுத்திருக்கும் எருமைகள்,
நடுவில் ஓடை மாதிரிக் கறுப்பாய் எதுவோ.
ஒச்சம்மா மட்டும் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தாள்.
"வந்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.
பிறகு வேகமாக நடந்து எங்களுக்கு முன்னால் போய்விட்டாள்.

பாலம் முடியும் இடத்தில் எண்ணினேன்.
ஒரே தடவையில் சரியாக வந்தது.

மீதி எண்பத்தேழு ரூபாய்.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வைக்கவேண்டும்.
படகுச் செலவில் ஒரு வரி
அடித்துத் திருத்தியிருக்கிறது.
யாரும் கேட்கமாட்டார்கள்.